தணிந்து போகும் குரல்

வியாசர்பாடியை ஒட்டி அமைந்து, மகாகவி பாரதியின் பெயரைத் தாங்கியிருந்தும் ஊராரின் நாவில் எம்.கே.பி. நகர் என்றே நிலைத்துவிட்ட குடியிருப்பில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தவர்கள், அங்குள்ள முதியவர்களின் பேச்சில் ஒரு விசேஷமான உரப்பு இருப்பதைக் கவனித்திருப்பார்கள். பெரம்பூர் ரயில்வே பட்டறைகளிலும், 1996-ல் இழுத்து மூடப்படும் வரையில் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையின் தறிகளுக்கு நடுவிலும், துறைமுகத்துச் சரக்குக் கூடங்களிலும், எண்ணூர் வரை நீளும் தொழிற்சாலைகளிலும் தங்கள் வாலிபத்தைச் செலவிட்ட அந்தத் தலைமுறை, இயந்திரங்களின் இரைச்சலை மீறிப் பக்கத்திலிருப்பவனுக்குத் தன் வார்த்தையைக் கொண்டு சேர்க்க வேண்டிய கட்டாயத்தினால் பெற்ற குரல் அது. வேலை போன பிறகும், வயது ஏறிய பிறகும், அந்தக் குரல் அவர்களோடு இருக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு குரல், அறுபது வயதுக்கு மேல், யாரும் அறியாதபடி சிறுகச் சிறுகத் தணியத் தொடங்கும்போது, வீட்டிலுள்ளோர் அதற்குப் பல காரணங்களைக் கற்பித்துக்கொள்கிறார்கள். "வயசாயிடுச்சு, அதான்" என்கிறான் மகன். பெரியவருக்குத் தன்மேல் ஏதோ மனஸ்தாபம் என்று மருமகள் எண்ணுகிறாள். முன்போலச் சிரிப்பும் இல்லை, முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரிவதில்லை, கேட்ட கேள்விக்கு முணுமுணுப்பாக ஒரு பதில், அதுவும் பாதியில் கரைந்துவிடுகிறது என்றால் வேறு எப்படி எண்ணுவாள்? பெரியவரைக் கேட்டாலோ, "நான் எப்பவும் பேசற மாதிரிதான் பேசறேன், உங்களுக்குத்தான் காது மந்தம்" என்று சற்றுச் சினத்தோடு சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, பிடிவாதமும் பிடிக்கவில்லை. தம் குரல் முன்போலவே ஒலிப்பதாக அவர் மெய்யாகவே நம்புகிறார். அந்த நம்பிக்கையே வியாதியின் ஒரு பகுதி என்பதையும், அதைத் திருத்துவதற்கென்றே ஒரு சிகிச்சை இருக்கிறது என்பதையும் நம் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற விருப்பமே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஆங்கில வைத்தியர்கள் பார்க்கின்சன் நோய் என்றும், நம்மவர் நடுக்குவாதம் என்றும் வழங்குகிற இந்த வியாதியை, லண்டன் நகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் செய்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலாக எழுதி உலகுக்கு அறிவித்தார். அவர் ஆதாரமாகக் கொண்டவர்கள் ஆறே பேர். அவர்களிலும் சிலரைத் தெருவில் நடந்து போகும்போது கண்டவர்தாம். ஆயினும் நடுக்கம், முன்சாய்ந்த நடை முதலிய பிரசித்தமான குறிகளோடு பேச்சுக் குழறுதலையும் விழுங்குவதில் உண்டாகும் சிரமத்தையும் அவர் அன்றே குறித்துவைத்தார். அவருக்குப் பின் வந்த உலகம் நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டு பேச்சை மறந்துவிட்டது. இன்றும் கை நடுங்கினால் டாக்டரிடம் ஓடுகிற நாம், குரல் தணிந்தால் ஓடுவதில்லை. உலகத்தில் இந்நோய் உடையவர்கள் 85 லட்சத்துக்கும் மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டிருக்கிறது. 1978-ல் அமெரிக்காவில் ஜெரி லோகெமன் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் 200 நோயாளிகளைப் பரிசோதித்தபோது, அவர்களில் 89 சதவீதத்தினருக்குக் குரலிலே குறை இருந்தது. எனவே இது அபூர்வமாக நேரும் உபாதை அல்ல. நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் என்றேனும் ஒருநாள் சந்திக்க வேண்டியது.

மூளையின் ஆழத்தில், கருநிறம் கொண்ட ஒரு சிறு பகுதியிலே, டோபமைன் என்னும் ரசாயனத்தைச் சுரக்கும் உயிரணுக்கள் இருக்கின்றன. அவை ஏன் மடிகின்றன என்பது பலருடைய விஷயத்தில் விளங்காமலே இருந்தாலும், அவை மடிவதால் நிகழ்வது என்ன என்பது தெளிவாகத் தெரியும். நாம் ஒரு காரியத்தைச் செய்யும்போது கையை எவ்வளவு நீட்ட வேண்டும், காலை எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்ற அளவை நம் பிரயத்தனம் இல்லாமலே நிர்ணயித்துக் கொடுப்பது அந்த ரசாயனத்தின் துணையோடு நடக்கும் வேலை. அது குறையும்போது செயல் நின்றுபோவதில்லை; அளவு சுருங்குகிறது. நடக்கிறார், ஆனால் அடிகள் குறுகுகின்றன. கையெழுத்துப் போடுகிறார், ஆனால் பாங்கில் ஒப்புக்கொள்ள மறுக்கும் அளவுக்கு எழுத்துகள் நுணுகிப் போகின்றன. பேசுகிறார், ஆனால் ஒலி சிறுக்கிறது. குறுகிய அடி, நுணுகிய எழுத்து, தணிந்த குரல் ஆகிய மூன்றும் ஒரே காரணத்தின் மூன்று வெளிப்பாடுகள் என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டால், பிறகு சொல்லப் போவதெல்லாம் எளிதில் விளங்கும்.

பேச்சு என்பது வெளியே விடும் சுவாசத்தின்மேல் ஏறி வருவது. விலா எலும்புகளை அசைக்கும் தசைகள் விறைத்துப்போவதால் மூச்சு ஆழமாக இறங்குவதில்லை. குரல்வளையிலுள்ள இரு மடிப்புகளும் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்தாமல் நடுவில் வளைந்து நிற்பதால், ஒலியாக மாற வேண்டிய காற்று வீணாகக் கசிந்து குரல் கரகரப்பாகவோ மூச்சு கலந்ததாகவோ கேட்கிறது. நாக்கும் உதடும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னதாகவே திரும்பிவிடுவதால் எழுத்துகள் கூர்மை இழக்கின்றன. ஏற்ற இறக்கம் மறைந்து பேச்சு ஒரே சுருதியில் ஓடுகிறது. சிலருக்கு வார்த்தைகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு விரைகின்றன. வேறு சிலருக்கு முதல் வார்த்தை வாயைவிட்டு வெளிவரவே நேரம் பிடிக்கிறது. கோபம், பரிவு, வேடிக்கை ஆகிய எல்லாவற்றையும் குரலின் ஏற்ற இறக்கத்தாலும் முகக்குறிப்பாலும் அறிந்து பழகிய வீட்டார், இரண்டும் ஏககாலத்தில் அடங்கிப்போன மனிதரை, மனம் மரத்துவிட்டவர் என்று தவறாகத் தீர்மானிக்கிறார்கள். பேத்தியின் பேச்சைக் கேட்டு அவர் உள்ளே மகிழ்ந்துகொண்டுதான் இருக்கிறார். அந்த மகிழ்ச்சிக்கு முகத்தில் வரும் வழி அடைபட்டிருக்கிறது.

தமிழ் பேசுவோருக்கு இதில் ஒரு கூடுதல் சங்கடம் உண்டென்று நினைக்கிறேன். நம் மொழியில் படம் என்பதற்கும் பட்டம் என்பதற்கும், பாடு என்பதற்கும் பாட்டு என்பதற்கும் உள்ள பேதமெல்லாம், நாக்கு அண்ணத்தில் எவ்வளவு அழுத்தமாக, எவ்வளவு நேரம் பதிந்து நிற்கிறது என்பதைப் பொறுத்தவை. கல்லும் காலும் வேறுபடுவது உயிரொலியின் நீட்டத்தினால். நாக்கு முழுவதும் பதியாமல் ஒதுங்குவதும் ஒலியின் கால அளவு குலைவதும் இந்நோயின் இயல்பான குறிகள் ஆதலால், குறிலும் நெடிலும் ஒற்றும் மயங்கி, சொன்னது ஒன்றும் கேட்டது ஒன்றுமாக ஆகிவிடுவதற்கு இடமுண்டு. நம் பேச்சுப் பயிற்சியாளர்கள் ஆங்கில வார்த்தைப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தமிழின் இவ்வகைச் சொல்லிணைகளைக் கொண்டே பயிற்சி கொடுப்பது அவசியம் என்பது இதனால் புலப்படும்.

குரல் எவ்வளவு முன்னதாகவே நோயைக் காட்டிக்கொடுக்கக்கூடும் என்பதற்கு, வடசென்னையார் நன்கறிந்த ஒரு மனிதரைச் சொல்லலாம். குத்துச்சண்டைப் பரம்பரைகள் ஓங்கி வளர்ந்த ராயபுரத்துக்கும் வியாசர்பாடிக்கும் ஆராதனைக்குரிய வீரராயிருந்த முகமது அலி, 1980-ல் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். முன்னிலையில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். கைகளுக்கு இணையாக நாவன்மையாலும் உலகை வென்ற அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று வைத்தியர்கள் சொன்னது 1984-ல். ஆனால் அவருடைய பழைய தொலைக்காட்சிப் பேட்டிகளையெல்லாம் திரட்டி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் அளந்து, 2017-ல் வெளியிட்ட முடிவின்படி, 26-ஆம் வயதுக்கும் 39-ஆம் வயதுக்கும் இடையிலேயே அவருடைய பேச்சின் வேகம் 26 சதவீதம் குறைந்துவிட்டிருந்தது. தலையில் வாங்கிய அடிகளின் பங்கு எவ்வளவு, நோயின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று. ஆனால் சென்னையில் ஆயிரக்கணக்கானோர் அவரைக் கண்டு ஆரவாரித்த நாளிலேயே அந்தப் பேச்சு தளரத் தொடங்கியிருந்தது.

இந்த வியாதியின் மருந்தைப் பற்றிச் சொல்லுமிடத்து நம் நகரத்தின் பெயரைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. உடம்பில் பட்டால் அரிப்பெடுக்கும் சுணையுடைய காய்களால் கிராமத்துச் சிறுவர்கள்கூட அறிந்திருக்கும் பூனைக்காலி என்னும் கொடியின் விதைகளிலிருந்து, இன்று பார்க்கின்சன் நோய்க்குத் தலையாய மருந்தாக விளங்கும் லெவோடோபாவை, 1937-ல் பிரித்தெடுத்து எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். அப்பொருளுக்கும் நடுக்குவாதத்துக்கும் சம்பந்தம் உண்டென்று அன்று உலகில் எவருக்கும் தெரியாது. ஐம்பதுகளின் இறுதியில் சுவீடன் நாட்டு அர்விட் கார்ல்சன், நம் நாட்டுச் சர்ப்பகந்தி மூலிகையிலிருந்து எடுக்கப்பட்ட ரிசர்பின் என்னும் மருந்தைக் கொடுத்து முயல்களை அசைவற்றுப் போகச் செய்து, பிறகு லெவோடோபாவைச் செலுத்தி அவற்றை எழுப்பிக் காட்டிய பிறகே வழி திறந்தது; அதற்காக 2000-ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசு பெற்றார். இதைப் படித்துவிட்டு நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடியை வாங்கி உட்கொள்ளத் துணிய வேண்டாம். அதிலுள்ள மருந்தின் அளவு விதைக்கு விதை மாறும். டாக்டர் கொடுக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் மிகையாகித் துன்பம் தரும்.

அறுவைச் சிகிச்சையிலும் சென்னை முன்னோடியாக நின்றது. 1950-ல் அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் பி. ராமமூர்த்தியும், அவரோடு உழைத்த பாலசுப்பிரமணியம், கல்யாணராமன், கனகா ஆகியோரும், மூளையின் ஆழத்திலுள்ள ஒரு புள்ளியை மண்டைக்கு வெளியிலிருந்து கணித்து அணுகும் நுட்பமான சிகிச்சையை அறுபதுகளிலேயே இங்கே நடத்தினார்கள். இவர்களுள் டாக்டர் டி.எஸ். கனகா, ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவர் என்று போற்றப்படுபவர். இவ்வளவு பெருமைக்கும் நடுவே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கைகால்களின் விறைப்பையும் நடுக்கத்தையும் தணிப்பதில் மாத்திரை வல்லது. குரலுக்கு அது அவ்வளவாக உதவுவதில்லை. மூளையில் மின்முனை பதிக்கும் இக்காலத்து அறுவையிலோ, கை நடுக்கம் நின்ற ஒருவருக்குப் பேச்சு முன்னிலும் மோசமாவதும் உண்டு. ஆகவே குரலை மீட்பதற்குத் தனியாக ஒரு வழி தேவைப்பட்டது.

அந்த வழியின் கதை அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் தொடங்குகிறது. லீ சில்வர்மன் என்ற ஓர் அம்மையார் இந்நோய்வாய்ப்பட்டிருந்தார்; அவர் பேசுவது தங்களுக்குக் கேட்க வேண்டும், விளங்க வேண்டும் என்பதே அவருடைய குடும்பத்தாரின் ஆசை. அதைக் கேட்ட லொரெய்ன் ரேமிக் என்ற பேச்சு விஞ்ஞானி தம் சகாக்களோடு 1987-ல் வகுக்கத் தொடங்கிய பயிற்சி முறைக்கு அந்த அம்மையாரின் பெயரையே இட்டார். அதற்கு முன்பெல்லாம் நோயாளிக்குக் கொடுக்கப்பட்ட புத்திமதிகள் பல: மெதுவாகப் பேசுங்கள், உதட்டை நன்றாக அசையுங்கள், மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள், சுருதியை மாற்றுங்கள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக. பயிற்சி அறையில் இவற்றைச் செய்துகாட்டியவர், வாசற்படியைத் தாண்டியதும் பழையபடியே முணுமுணுப்பார். ரேமிக் இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரே ஓர் இலக்கை வைத்துக்கொண்டார்: உரக்கப் பேசு. உரக்கப் பேச முனையும்போது மூச்சு தானாக ஆழமாகிறது, குரல்மடிப்புகள் நெருங்குகின்றன, வாய் அகலத் திறக்கிறது, நாக்கு தன் இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு கட்டளையினால் உடம்பின் பல பாகங்கள் இசைந்து எழுகின்றன.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. நோயாளி தம் குரலின் அளவைத் தாமே தவறாக மதிக்கிறார் என்று முன்னே சொன்னோம். முள் நகர்ந்துபோன தராசில் நிறுக்கிற கடைக்காரர், குறைத்துக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் ஒவ்வொரு தடவையும் குறைத்துக் கொடுப்பது போல, அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் தணித்தே பேசுகிறார். சரியான அளவில் பேசச் சொன்னால் தாம் கூச்சலிடுவதாக எண்ணிக் கூச்சப்படுகிறார். அந்த முள்ளைத் திருத்துவதுதான் இச்சிகிச்சையின் சாரம். அவர் பேசியதைப் பதிவு செய்து திருப்பிப் போட்டுக் காட்டுகிறார்கள், ஒலியளவு காட்டும் கருவியை எதிரே வைக்கிறார்கள், "இது உங்களுக்குக் கத்துவதுபோலத் தோன்றும், கேட்பவர்களுக்குச் சாதாரணமாகவே இருக்கும்" என்பதை மறுபடி மறுபடி அவர் காதாலும் கண்ணாலும் ருசுப்படுத்துகிறார்கள். தம் பதிவைக் கேட்ட பிறகே பலர், வீட்டார் இத்தனை நாள் சொன்னது மெய்தான் என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

பயிற்சி மாதம் ஒருமுறை வந்து போகும் தன்மையுடையதன்று. வாரத்துக்கு 4 நாளாக 4 வாரம், ஆக 16 அமர்வு. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். அதற்கு மேல் தினமும் வீட்டில் செய்யும் அப்பியாசம். முதலில் காது மூக்குத் தொண்டை வைத்தியர் குரல்வளையைப் பார்த்து வேறு கோளாறு எதுவும் இல்லை என்று சொல்ல வேண்டும். பிறகு, மூச்சை நிறைய இழுத்து, 'ஆ' என்ற ஒலியை இயன்றவரை நீளமாகவும் தெளிவான உரப்போடும் பலமுறை பிடித்து நிறுத்துவது, அதே ஒலியைக் கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் கொண்டு செல்வது, இவ்விரண்டும் அஸ்திவாரம். தொண்டையை நெரித்துக் கத்துவது கூடாது, அது புண்ணாக்கும். இதற்குப் பிறகு, அந்த மனிதர் தம் அன்றாட வாழ்க்கையில் மெய்யாகவே சொல்லுகிற பத்து வாக்கியங்களை அவரே தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு நாளும் அதே உரப்போடு சொல்லிப் பழகுகிறார். எம்.கே.பி. நகரத்துப் பெரியவர் ஒருவருக்கு அவை எவையாயிருக்கும்? "மாத்திரை எங்க வெச்ச?" "தண்ணி லாரி வந்துச்சா?" "மூலக்கடை ஒரு டிக்கெட் குடுப்பா." "ஃபேனைக் கொஞ்சம் கம்மி பண்ணும்மா." "கண்ணு, சாப்டியா?" இப்படித்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். பஸ்ஸில் நடத்துநர் இரண்டு தரம் "என்னாது?" என்று கேட்டபின் வாய் மூடி உட்கார்ந்துவிடுகிறவருக்கு, முதல் தரத்திலேயே டிக்கெட் கிடைப்பது சிறிய வெற்றி ஆகாது. வாரங்கள் செல்லச் செல்ல, சொற்களிலிருந்து வாக்கியத்துக்கும், வாக்கியத்திலிருந்து தினசரிப் பத்திரிகையை வாய்விட்டுப் படிப்பதற்கும், அங்கிருந்து உரையாடலுக்கும் ஏறிச் செல்கிறார்கள்.

பலன் உண்டா என்று கேட்பது நியாயமே. பிரிட்டனில் 388 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்தத் தீவிரப் பயிற்சியையும், இன்னொன்றுக்கு அந்நாட்டு அரசு மருத்துவமனைகளில் வழக்கமாகத் தரும் இலேசான பேச்சுச் சிகிச்சையையும் கொடுத்து, மூன்றாவதற்கு உடனடியாக எதையும் கொடுக்காமல் வைத்து ஒப்பிட்ட ஓர் ஆராய்ச்சி 2024-ல் வெளியாயிற்று. தீவிரப் பயிற்சி பெற்றவர்கள் தம் குரற்குறையினால் வாழ்க்கையில் படும் அவதி கணிசமாகக் குறைந்ததாகத் தெரிவித்தார்கள். இலேசான சிகிச்சை பெற்றவர்களோ எதுவும் பெறாதவர்களைக் காட்டிலும் மேம்படவில்லை. சிலருக்குத் தொண்டைச் சிரமம் ஏற்பட்டது. கடுமையான தீங்கு எதுவும் நேரவில்லை. எப்போதோ ஒரு நாள் போய், கொஞ்சம் பேசிக் காட்டிவிட்டு வருவதைப் பயிற்சி என்று எண்ணி ஆறுதல் கொள்ள வேண்டாம் என்பதை இதைக் கொண்டு துணிந்து சொல்லலாம். சேர்ந்து பாடுவதும் நல்லதென்று பலர் கருதுகிறார்கள். ஆராய்ச்சிகள் சிறியவையாயினும், மூச்சையும் குரலையும் ஒருங்கே பழக்கும் காரியம் வீண்போக நியாயமில்லை. கோயில் பஜனையும் தேவாலயப் பாட்டும் பக்கத்துக்குப் பக்கம் ஒலிப்பதும், கானாப் பாட்டின் தாயகங்களில் ஒன்றென்று சொல்லத் தக்கதுமான வியாசர்பாடியிலே, வயதானவர்கள் குரலெடுத்துப் பாடக் கூச்சப்பட வேண்டிய அவசியமே கிடையாது.

பேச்சுச் சிகிச்சையாளரிடம் போவதற்குக் குரலைவிட அவசரமான காரணம் ஒன்றும் உண்டு. பேசுவதற்கும் விழுங்குவதற்கும் உறுப்புகள் பெரும்பாலும் ஒன்றே. ஒன்று தளர்ந்தால் மற்றதும் தளரும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுவது, சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் களகளப்பது, மாத்திரை தொண்டையில் நின்றுவிடுவது, வாயிலிருந்து எச்சில் வழிவது, காரணம் தெரியாமல் உடம்பு மெலிவது ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்கக் கூடாது. உணவும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலில் சீழ் பிடிப்பதே இந்நோயாளிகளின் மரணத்துக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று; சிலருக்கு இருமல்கூட வராமல் அது நிகழ்ந்துவிடுகிறது. எச்சில் அதிகமாய்ச் சுரப்பதால் வழிகிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அடிக்கடி விழுங்கும் இயல்பான பழக்கம் குறைந்துவிடுவதே காரணம். வெறும் தண்ணீரும் மோரும் சிலருக்குக் கெட்டியான கஞ்சியைவிட அபாயமானவை; சோறும் நீரும் வாயில் தனித்தனியாய்ப் பிரியும் ரசம் சாதம், நன்கு குழைத்த பருப்புச் சாதத்தைவிடச் சிரமமானது. யாருக்கு எது தகும் என்பதைப் பரிசோதித்தே சொல்ல முடியும். நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு சிறு கவளமாக, பேச்சுக் கொடுக்காமல், மாத்திரை நன்கு வேலை செய்யும் வேளையில் உண்ணச் செய்வது எல்லோருக்கும் பொருந்தும்.

குடும்பத்தார் செய்யக் கூடியவை அதிகம். அவற்றுக்குப் பணமும் வேண்டியதில்லை. நோயாளி பேசத் தொடங்கும்போது தொலைக்காட்சியின் சத்தத்தை அடக்குங்கள். சமையலறையிலிருந்து கேள்வி கேட்காமல், எதிரே வந்து முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். நடந்துகொண்டே பேசும்போது இரண்டும் கெடும் ஆதலால், நின்று பேசச் சொல்லுங்கள். வார்த்தை வருவதற்குத் தாமதமானால் பொறுத்திருங்கள். அவருடைய வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். அன்பினால் செய்யும் காரியந்தான் அது. ஆனாலும் கடைக்காரரிடமும், டாக்டரிடமும், வீடு தேடி வந்த பழைய சகதொழிலாளியிடமும் அவருக்காக மற்றவர்களே பேசிவிடுவதால், கொஞ்ச நாளில் அவர் பேசுவதையே விட்டுவிடுகிறார், பிறகு வாசலுக்கு வருவதையும் விட்டுவிடுகிறார். கேட்கவில்லையென்றால் தலையாட்டிச் சமாளிக்காமல், "கேக்கலப்பா, இன்னும் கொஞ்சம் சத்தமா" என்று மரியாதையோடு சொல்லிவிடுவதே அவருக்குச் செய்யும் உதவி.

மருத்துவ வசதியைப் பற்றி ஒரு வார்த்தை. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965-ல் தோன்றிய பின் பேச்சுச் சிகிச்சைத் தொழில் நம் நாட்டில் வேரூன்றியது. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவிலும் இதற்குப் பட்டப்படிப்பு நடக்கிறது. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டுத் தெரிந்துகொண்டே ஒருவரிடம் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். எம்.கே.பி. நகரத்தாருக்கு அண்மையிலுள்ள பெரிய அரசு மருத்துவமனை, 1782-ன் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தோன்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்து, முதியோர் நாவில் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே வழங்கும் ஸ்டான்லி. நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் மாத்திரைச் சீட்டை வாங்கும்போதே, பேச்சுப் பயிற்சிக்கும் எழுதித் தரும்படி கேட்பதற்கு நோயாளிக்கு உரிமை உண்டு. கேளாததால் பலருக்கு அது கிடைக்காமல் போகிறது.

ஆனால் 16 அமர்வு என்றால், துணைக்கு வருகிற மகளோ மகனோ ஒரு மாதத்தில் 16 நாள் வேலையை விட வேண்டும். நாள்கூலிக் குடும்பத்துக்கு இது எப்படி முடியும்? கன்டெய்னர் லாரிகள் அடைத்து நிற்கும் சாலையில், ஏறும்போது கால் தயங்கும் நோயாளியைப் பஸ்ஸில் அழைத்துப் போவது எவ்வளவு கஷ்டம் என்பதை அனுபவித்தவர் அறிவார். கைப்பேசியின் காணொளி மூலம் இதே பயிற்சியை அளித்தால் நேரில் அளிப்பதற்கு ஏறக்குறைய ஈடான பலன் கிடைப்பதை ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தினால் இரத்த அழுத்த மாத்திரையும், இயன்முறைப் பயிற்சியும் வீட்டு வாசலுக்கே வருகிற தமிழ்நாட்டில், நடுக்குவாதக்காரருக்குக் கையும் காலும் நீட்டப் பழக்குகிறவரோடு, குரலை நீட்டப் பழக்குகிறவரும் வருவதற்கு ஏற்பாடு செய்வது எட்டாத காரியமன்று; செய்தே ஆக வேண்டிய காரியம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் இரண்டு நாள் ஓர் அறையும், ஒரு பயிற்சியாளரும், ஒலியளவு காட்டும் ஒரு கைப்பேசியும் இருந்தால் தொடங்கிவிடலாம். பத்துப் பேர் கூடி உரக்கப் படிக்கவும் பாடவும் அந்த அறையே போதும்.

நான்கு வாரப் பயிற்சி முடிந்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவது பலரும் செய்யும் பிழை. நோய் நாளுக்கு நாள் வளர்வதாகையால், பெற்ற குரலைக் காப்பதற்குத் தினமும் பத்து நிமிஷமாவது அந்த 'ஆ'வையும் அந்தப் பத்து வாக்கியங்களையும் விடாமல் சொல்லி வர வேண்டும். காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கி உடம்பு இலகுவாகும் வேளை அதற்கு உகந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சியாளரிடம் திரும்பப் போய்க் குரலை அளந்து பார்த்து, தணிந்திருந்தால் சில அமர்வுகளை மறுபடி செய்துகொள்ள வேண்டும். போகும்போது, வீட்டில் யாருக்கு நோயாளியின் பேச்சு அதிகம் கேட்க வேண்டியிருக்கிறதோ அவரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது.